ஏர் ஃபில்டரை மாற்றினால் பிக்கப் கூடுமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்குகிறோம். இரண்டு மாதம் ஓட்டியதும், 'வண்டி இழுக்கவே மாட்டேங்குதே' என்று மனசு சொல்கிறது. "ஒரு கோன் ஃபில்டர் போட்டுப் பாரு, பிக்கப் பிச்சிக்கிட்டுப் போகும்" என்கிறார் நண்பர். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் அந்தக் கூம்பு வடிவ ஃபில்டர் கிடைக்கிறது. ஆன்லைனில் இன்னும் மலிவு. போடலாமா, கூடாதா? கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விளக்கம்.

எஞ்சினுக்குப் பெட்ரோல்தானே உணவு? காற்றைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பெட்ரோலைவிடக் காற்றைத்தான் எஞ்சின் அதிகம் சாப்பிடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் அதிகமான காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள ஓர் அறையை நினைத்துப் பாருங்கள். மூன்று லிட்டர் பெட்ரோல் எரிந்து தீர்வதற்குள் அந்த அறையில் உள்ள காற்று முழுவதையும் எஞ்சின் உறிஞ்சிவிடும். அதோடு வரும் தூசியை எல்லாம் மடிப்பு மடிப்பான ஒரு காகிதம்தான் தடுத்து நிறுத்துகிறது.

அப்படியென்றால் காற்று தாராளமாகப் போகும் ஃபில்டர் போட்டால் சக்தி கூட வேண்டுமே?

கணக்கு சரிதான். ஆனால் கம்பெனி ஃபில்டர் காற்றை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. முழு வேகத்தில் எஞ்சின் சுழலும்போதுகூட, சுத்தமான பேப்பர் ஃபில்டரால் ஏற்படும் அழுத்த இழப்பு வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான். அதை அடியோடு நீக்கினாலும் கிடைக்கும் லாபம் அந்த ஓரிரு பங்குக்குள்தான் இருக்கும். 80 குதிரைத்திறன் எஞ்சினில் ஒன்றோ இரண்டோ கூடலாம். அதுவும் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால்தான்.

ஊருக்குள் ஓட்டும்போது நிலைமை வேறு. பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியில் த்ராட்டில் என்ற கதவு இருக்கிறது. அண்ணா சாலை நெரிசலில் அந்தக் கதவை நாம் கொஞ்சமாகத்தான் திறக்கிறோம். உள்கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வெளிவாசலை அகலப்படுத்தினால் வீட்டுக்குள் காற்று கூடுமா? அதே கதைதான் இங்கும்.

போட்டவர்கள் எல்லாம் வித்தியாசம் தெரிகிறது என்கிறார்களே?

சத்தத்தில் நிச்சயம் வித்தியாசம் தெரியும். கம்பெனி கொடுக்கும் ஃபில்டர் பெட்டியும் அதை ஒட்டிய வெற்று அறைகளும் எஞ்சின் மூச்சிழுக்கும் ஓசையை அடக்குகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டரைத் திறந்தபடி மாட்டினால் 'புஸ்' என்ற உறுமல் கேட்கும். காதுக்குக் கேட்கும் வேகத்தைக் காரின் வேகம் என்று மனசு எடுத்துக்கொள்கிறது.

உள்ளே நடப்பது அதற்கு நேர்மாறு. பெரும்பாலான கார்களில் பெட்டியின் மூக்குக்குழாய் முன் கிரில்லுக்கோ ஹெட்லைட்டுக்கோ பின்னால் நீட்டிக்கொண்டு, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிறது. கோன் ஃபில்டரோ பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை இழுக்கிறது. வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். ஃபில்டரால் வந்த ஓரிரு சதவீத லாபம் போய், கையிலிருந்ததும் போகும்.

மைலேஜாவது கூடுமா?

கூடாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் கார்களில், அடைத்துப்போன ஃபில்டரைக் கழற்றிப் புதிது போட்டபோதும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலை மட்டுமே கம்ப்யூட்டர் அனுப்புவதுதான் காரணம். பிக்கப் மட்டும் 6 முதல் 11 சதவீதம் தேறியது. அடைத்த ஃபில்டரை மாற்றினால் இழந்த பிக்கப் திரும்பி வரும். நல்ல ஃபில்டரை மாற்றினால் புதிதாக எதுவும் வராது.

கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டர் லாபம்தானே?

கம்பெனி பெட்டிக்குள் அப்படியே பொருந்தும் நல்ல பிராண்டு காட்டன் ஃபில்டர் மோசமானது அல்ல. ஆனால் பேப்பர் ஃபில்டர் சில நூறு ரூபாய், இது பல ஆயிரம். எத்தனை பேப்பர் ஃபில்டர் வாங்கலாம் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

காட்டன் ஃபில்டர் தூசியைப் பிடிப்பது அதன் மேல் தடவும் எண்ணெயால். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால் எண்ணெய்த் துளி பறந்துபோய், காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படியும். அளவு தப்பி, செக் எஞ்சின் லைட் எரியும். கழுவிய ஃபில்டர் நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகுதான் எண்ணெய் தடவ வேண்டும். 'சாயங்காலம் வண்டி வேணும்' என்று அவசரப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது.

பெயரில்லாத மலிவு ஃபில்டர்களை அறவே தவிர்த்துவிடுங்கள். நம் சாலைத் தூசியில் இருக்கும் மணல் துகள் எஃகையே கீறக்கூடியது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் மெதுவாகத் தேயும். ஆயில் குறையும், நீலப்புகை வரும். டர்போ உள்ள டீசல் வண்டியில் நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றும் சக்கரத்தின் இதழ்களையே அது அரிக்கும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு எஞ்சின் வேலை என்ற பெயரில் வட்டி கட்ட நேரும்.

கோல்டு ஏர் இன்டேக் என்று நீளக் குழாயோடு விற்கிறார்களே?

ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கிக் குளிர்ந்த காற்றை எடுக்கும் ஏற்பாடு அது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு அர்த்தம் இருக்கலாம். மழைக்காலச் சென்னைக்கு அது ஆபத்து. தேங்கிய நீரில் ஃபில்டர் மூழ்கினால் எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்றுபோன கார்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனி மூக்குக்குழாயை உயரத்தில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லையென்றால் இந்தச் சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் பொதுவாகப் பணம் கிடைக்காது.

ஹோஸுக்குள் வைக்கும் ஃபேன், பவர் சிப் இவையெல்லாம்?

வாங்காதீர்கள். ஹோஸுக்குள் சொருகும் தகட்டு விசிறி காற்றைக் கூட்டாது, காற்றுக்குக் குறுக்கே நிற்கும். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரோடு இணைக்கச் சொல்லி விற்கும் 'பவர் சிப்' பலவற்றைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒன்றிரண்டு ரூபாய் ரெசிஸ்டர். 'காற்று குளிர்ச்சியாக இருக்கிறது' என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்வது மட்டுமே அதன் வேலை. எரிபொருள் மிச்சமாகும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய சாதனம் ஒன்றுகூட அதில் தேறவில்லை.

சட்டப்படி பிரச்சினை வருமா?

அதே அளவில் பெட்டிக்குள் பொருந்தும் ஃபில்டரை மாற்றுவது வழக்கமான பராமரிப்பு. பெட்டியையே கழற்றி எறிவது அப்படியல்ல. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆயில் புகையைத் திரும்ப உறிஞ்சும் குழாய் பல கார்களில் இந்தப் பெட்டியோடுதான் சேர்கிறது. அதைத் திறந்து விட்டால் புகை ஊருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும்படி செய்யும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். வாரண்டி உள்ள வண்டி என்றால் எஞ்சின் பழுதின்போது கம்பெனி கைவிரிக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்படியானால் குறைந்த செலவில் உருப்படியாக என்னதான் செய்யலாம்?

நிறையச் செய்யலாம். சில ஆண்டுகளுக்கு முன் என் காரும் இழுக்காமல்தான் கிடந்தது. கோன் ஃபில்டர் போடலாமா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைத் தட்டித் திறந்தார். ஃபில்டர் மடிப்புகளில் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு. ஃபில்டரைத் தாண்டிய ஹோஸுக்குள் விரலை விட்டு இழுத்துக் காட்டினார். விரல் நுனியில் செம்மண்! ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து, வடிகட்டாத காற்று பக்கவாட்டில் புகுந்துகொண்டிருந்தது. புது கம்பெனி ஃபில்டரும் ஒரு கிளாம்பும் போட்டோம். ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. வண்டி பழையபடி இழுத்தது.

அன்றிலிருந்து நான் செய்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஃபில்டரை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மடிப்புகளின் வழியே வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. செங்கல் சூளை, குவாரி, மண்சாலைப் பக்கம் ஓடும் வண்டிக்கு, மேனுவலில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். பஞ்சர் கடை ஏர் துப்பாக்கியால் முழு அழுத்தத்தில் ஊதச் சொல்லாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். பெட்டியைத் துணியால் துடைத்து, ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, எல்லாக் கிளிப்புகளையும் மாட்டுங்கள். ஹோஸில் வெடிப்பு இருந்தால் டேப் சுற்றாமல் புது ஹோஸ் போடுங்கள். த்ராட்டிலில் படிந்த கரியை அதற்குரிய கிளீனரால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் வண்டி இழுக்கவில்லை என்றால் கோளாறு எஞ்சினுக்குப் போகும் காற்றில் இல்லை. ஸ்பார்க் பிளக், கிளட்ச், பிரேக் பிடிமானம், டயர் காற்று என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டர்போ எஞ்சினை முறையாக ட்யூன் செய்து பந்தயத்தில் ஓட்டுபவர்களுக்குப் பெரிய இன்டேக் பயன்படும். தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு, இறுக்கமாக மூடிய கம்பெனிப் பெட்டியும் அதற்குள் சுத்தமான பேப்பர் ஃபில்டரும் போதும். புது ஃபில்டர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து, இருக்கும் ஃபில்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.