ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவும் பாடத் தேர்வும்

ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான படிப்பை நிறைவு செய்யும் மாணவருக்கு வழங்கப்படும் சான்றிதழ் ஆகும். கனடாவில் கல்வி மாகாண அரசுகளின் பொறுப்பில் உள்ளதால், இதற்கான விதிகளை ஒன்ராறியோ கல்வி அமைச்சு வகுக்கிறது. முன்பு பல்கலைக்கழகம் செல்வோர் ஐந்தாவது ஆண்டாக 13ஆம் வகுப்பும் அதற்கு ஈடான பாடங்களும் படித்து வந்தனர். 2003ஆம் ஆண்டுடன் அந்த முறை முடிவுக்கு வந்து, உயர்நிலைப் படிப்பு நான்கு ஆண்டுகளாகச் சுருங்கியது.

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றோ இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சை போன்றோ எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஓர் இறுதித் தேர்வு இங்கு இல்லை. மாணவர் தாமே தெரிவு செய்யும் பாடங்களில் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் கிரெடிட்டுகளின் கூட்டலே டிப்ளோமா. 110 மணி நேரப் பாடம் ஒன்றில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றால் ஒரு கிரெடிட் கிடைக்கும். பொதுத்தேர்வுக்குப் பழகிய பெற்றோர் பலரும் கடைசி ஆண்டில்தான் கவனம் வேண்டும் என்று எண்ணுவர். ஒன்ராறியோவில் முக்கியமான முடிவுகளில் ஒன்று 9ஆம் வகுப்பின் நடுவிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

டிப்ளோமாவுக்கான தேவைகள்

மொத்தம் 30 கிரெடிட்டுகள் வேண்டும். 2024 செப்டம்பரிலும் அதன் பின்னரும் 9ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு அவற்றுள் 17 கட்டாயம். 13 விருப்பப் பாடங்கள். அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு இது 18, 12 என்ற கணக்கு.

புதிய விதியின்படி ஆங்கிலத்தில் ஆண்டுக்கு ஒன்றாக 4, கணிதத்தில் 3, அறிவியலில் 2 கிரெடிட்டுகள் கட்டாயம். கணிதத்தில் ஒன்றாவது 11 அல்லது 12ஆம் வகுப்பில் படித்ததாக இருக்க வேண்டும். கனடிய வரலாறு, கனடியப் புவியியல், கலை, உடற்கல்வி, பிரெஞ்சு, தொழில்நுட்பக் கல்வி ஆகியவற்றில் தலா ஒன்று. குடிமையியலும் தொழில்வழிகாட்டலும் அரை கிரெடிட் வீதம் சேர்ந்து ஒன்று. மேலும், கூடுதல் கணிதம், கூடுதல் அறிவியல், கணினி, வணிகம் போன்றவை அடங்கிய தொகுதியிலிருந்து ஒன்று. தொழில்நுட்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டதே 2024 மாற்றத்தில் பெரியது; அதை 9 அல்லது 10ஆம் வகுப்பில் முடிக்க வேண்டும்.

கிரெடிட்டுகளுக்கு அப்பால் மூன்று தேவைகள் உள்ளன. 40 மணி நேரச் சமூகத் தொண்டு ஒன்று. 8ஆம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலிருந்தே இதைத் தொடங்கலாம். அடுத்தது எழுத்தறிவுத் தேவை. இதற்கான மாகாணத் தேர்வை வழக்கமாக 10ஆம் வகுப்பில் எழுதுவர். தேறாதவர்கள் மீண்டும் எழுதலாம், அல்லது அதற்கென உள்ள பாடத்தைப் படித்து நிறைவு செய்யலாம். மூன்றாவது, இணையவழியில் இரண்டு கிரெடிட்டுகள். பெற்றோர் படிவம் அளித்து இதிலிருந்து விலக்குப் பெறலாம்.

இரண்டு கணக்குகள்

மேலே சொன்னவை யாவும் டிப்ளோமாவின் கணக்கு. பல்கலைக்கழக அனுமதியின் கணக்கு வேறு. முதலாவதை முழுமையாக நிறைவு செய்த ஒருவர் இரண்டாவதில் ஒரு படிகூட ஏறாமல் இருக்க முடியும். பாடத்திட்டமிடலில் நேரும் பெரும்பாலான ஏமாற்றங்களுக்கு இந்த வேறுபாடே வேர்.

பாடக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் இது விளங்கும். குறியீட்டின் முதல் மூன்று எழுத்துகள் பாடத்தைக் குறிக்கும். அடுத்த எண் வகுப்பு: 1 என்றால் 9ஆம் வகுப்பு, 4 என்றால் 12ஆம் வகுப்பு. ஐந்தாவதாக வரும் எழுத்து பாடத்தின் வகை. மேல் வகுப்புகளில் 'யு' பல்கலைக்கழகத்துக்கு, 'சி' கல்லூரிக்கு, 'எம்' இரண்டுக்கும், 'இ' நேரே வேலைக்கு, 'ஓ' எல்லோருக்கும். இங்கு கல்லூரி என்பது தமிழ்நாட்டு வழக்கில் உள்ள பட்டக் கல்லூரி அன்று. தொழில் சார்ந்த டிப்ளோமாக்களைப் பெரும்பாலும் கற்பிக்கும் தனி வகை நிறுவனம். பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்பி 'சி' வகைப் பாடங்களை எடுத்துக்கொள்ளும் ஆபத்து தமிழ்க் குடும்பங்களுக்குச் சற்றுக் கூடுதல்.

12ஆம் வகுப்பு ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டால், இ.என்.ஜி.4யு, இ.என்.ஜி.4சி, இ.என்.ஜி.4இ ஆகிய மூன்றில் எது படித்தாலும் டிப்ளோமாவின் கட்டாய ஆங்கிலம் நிறைவேறிவிடும். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் கேட்பது முதலாவதை மட்டுமே. பொதுவாக 'யு' அல்லது 'எம்' வகையில் ஆறு 12ஆம் வகுப்புப் பாடங்களை அவை எதிர்பார்க்கின்றன. எந்த ஆறு என்பது சேர விரும்பும் துறையைப் பொறுத்தது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பொறியியலுக்கு ஆங்கிலம், உயர்நிலைச் சார்புகள், நுண்கணிதமும் திசையன்களும், இயற்பியல், வேதியியல் என ஐந்து முன்பே குறிக்கப்பட்டுவிடுகின்றன. ஆறாவதே மாணவரின் விருப்பம்.

பின்னோக்கித் திட்டமிடல்

இந்த ஐந்தும் 12ஆம் வகுப்பில் திடீரென எடுக்கக்கூடியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் முன்தேவைப் பாடம் உண்டு. கணிதத்தில் இந்தச் சங்கிலி மிக நீளமானது. நுண்கணிதம் படிக்க, உயர்நிலைச் சார்புகளை அதற்கு முன்போ உடனோ படிக்க வேண்டும். அதற்கு வழக்கமான வழி 11ஆம் வகுப்பின் 'யு' வகைச் சார்புகள் பாடம், எம்.சி.ஆர்.3யு. அதில் சேர 10ஆம் வகுப்பில் அகாடமிக் வகைக் கணிதம் படித்திருக்க வேண்டும். அப்ளைட் வகைக் கணிதம் போதாது.

ஒன்ராறியோவில் 9ஆம் வகுப்புக் கணிதம் 2021 முதல் ஒரே பாடமாக இணைக்கப்பட்டது. 2022இல் மற்றப் பாடங்களிலும் பிரிவுகள் நீக்கப்பட்டன. எனவே பிரிவு தொடங்கும் இடம் இப்போது 10ஆம் வகுப்பு. அதற்கான பாடத் தெரிவுப் படிவம் 9ஆம் வகுப்புக் குளிர்காலத்திலேயே வந்துவிடும். பதினான்கு வயது மாணவர், கணிதம் கடினமாக இருக்கிறது என்று அப்ளைட் பிரிவைக் குறித்து அனுப்பும் அந்த நாளில், பொறியியலுக்கான நேர்வழி அடைபடுகிறது. அப்ளைட் கணிதமும் 11ஆம் வகுப்பின் கல்லூரி வகைக் கணிதமும் படித்து மூன்று கட்டாயக் கிரெடிட்டுகளையும் பெற்றுவிடலாம் என்பதால், டிப்ளோமாக் கணக்கில் எந்தக் குறையும் தெரியாது.

முற்றிலும் மூடப்பட்ட வழி அன்று. அப்ளைட் கணிதம் படித்தவர் 11ஆம் வகுப்பில் 'எம்' வகைச் சார்புகள் பாடத்தை எடுத்து, பின்னர் 12ஆம் வகுப்பின் கல்லூரித் தொழில்நுட்பக் கணிதம் வழியாக உயர்நிலைச் சார்புகளுக்கு வரலாம். ஒரு பாடம் கூடுதல். அதற்கு ஒரு பருவமோ கோடைப் பள்ளியோ செலவாகும்.

இதனால்தான் நான்காண்டுத் திட்டத்தை 12ஆம் வகுப்பிலிருந்து பின்னோக்கி வரைவது பயன் தரும். விரும்பும் இரண்டு மூன்று துறைகளின் தேவைகளை முதலில் எழுதி, அவற்றின் முன்தேவைகளை 11, 10ஆம் வகுப்புகளில் நிரப்பி, மீதி இடங்களில் கட்டாயப் பாடங்களை வைக்க வேண்டும். துறை தெரியாத மாணவர், 10ஆம் வகுப்பில் கணிதத்தையும் அறிவியலையும் அகாடமிக் வகையில் எடுத்தால் வழிகள் திறந்திருக்கும்.

இடம் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்டுக்கு எட்டுப் பாடம் என்றால் நான்காண்டுகளில் 32 இடங்கள்; தேவை 30. இரண்டு பாடங்களில் தோற்றால் கையிருப்பு தீர்ந்துவிடும். 11, 12ஆம் வகுப்புப் பாடம் ஒன்றிலிருந்து விலக விரும்புவோர், பருவ நடுவில் மதிப்பெண் அறிக்கை வந்து ஐந்து பள்ளி நாட்களுக்குள் விலக வேண்டும். பின்னர் விலகினால் அது மதிப்பெண் பட்டியலில் பதிவாகும்.

புலம்பெயர்ந்து வரும் மாணவர்

இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ இடையில் வந்து சேரும் மாணவருக்கு, முன்பு படித்தவற்றுக்கு எத்தனை கிரெடிட் என்பதைப் பள்ளி அதிபர் தீர்மானிக்கிறார். பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல்களையும் பாடத்திட்ட விவரங்களையும் கொண்டுவருவது இதில் பெரிதும் உதவும்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பாடங்களில் மூன்று வரை கட்டாய ஆங்கிலக் கிரெடிட்டாகக் கொள்ளப்படும்; நான்காவது, 12ஆம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடமாகவே இருக்க வேண்டும். 10ஆம் அல்லது 11ஆம் வகுப்பு வயதில் வருபவருக்கு இ.என்.ஜி.4யு வரையிலான படிகள் பெரும்பாலும் கணிதத்தைவிடக் கடினமான சங்கிலி. அதிபர் தம் அதிகாரத்தில் மூன்று கட்டாயக் கிரெடிட்டுகள் வரை வேறு பாடங்களால் ஈடுசெய்ய அனுமதிக்கலாம். அவ்வாறு கிடைக்கும் இடங்களை ஆங்கிலத்துக்கோ முன்தேவைப் பாடங்களுக்கோ ஒதுக்குவது நல்லது.

ரொறன்ரோ பகுதியில் தமிழ்மொழியையும் கிரெடிட் பாடமாகப் படிக்க வாய்ப்பு உண்டு. பள்ளி நேரத்துக்கு வெளியே படிக்கும் கிரெடிட் என்பதால், 32 இடங்களைக் குறைக்காமல் 13 விருப்பப் பாடங்களில் ஒன்றை அது நிரப்பிவிடும். நான்காண்டில் முடிக்க இயலாதவர்கள் ஐந்தாம் ஆண்டும் பள்ளிக்குத் திரும்பலாம். விடுபட்ட ஓரிரு 'யு' வகைப் பாடங்களுக்காக மட்டும் அப்படித் திரும்புவோரும் உண்டு.