பிளாஸ்மா போடும் திரை

வெற்றிடத்தில் தனித்திருக்கும் மின்னூட்டத்தின் விசைக்கு எல்லை கிடையாது. கூலும் விதிப்படி, தூரம் இரு மடங்கானால் விசை கால் பங்காகும். குறையுமே தவிர எங்கும் தீராது. அதே மின்னூட்டம் எரிகிற டியூப்லைட்டுக்குள் இருந்தால், தலைமுடியின் தடிமன் அளவு தள்ளிப் போவதற்குள் அதன் செல்வாக்கு ஏறக்குறைய ஓய்ந்துவிடும்.

காரணம், குழாய்க்குள் இருப்பது பிளாஸ்மா. அதில் எலக்ட்ரான்களும் நேர் அயனிகளும் கட்டில்லாமல் திரிகின்றன. நேர் மின்னூட்டம் ஒன்று நுழைந்தால் எலக்ட்ரான்கள் அதை நோக்கிச் சாயும், அயனிகள் விலகும். சுற்றிலும் எதிர் மின்னூட்டம் சற்றுக் கூடிவிட, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கழிந்து எதுவும் மிஞ்சாது.

அப்படியானால் எலக்ட்ரான்கள் நேராகப் போய் அதன்மேல் ஒட்டிக்கொள்ளாதது ஏன்? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. வெப்பத்தால் அவை மிக வேகமாகப் பறக்கின்றன. ஈர்ப்பு பாதையைக் கொஞ்சம் வளைக்கிறதே ஒழிய, அவற்றைப் பிடித்து நிறுத்துவதில்லை. எந்த எலக்ட்ரானும் அங்கே தங்குவதில்லை. கடந்து போகிறவை அந்த இடத்தில் சராசரியாகச் சற்று அதிகமாக இருப்பதுதான் திரை.

ஆகவே சூடு ஏறினால் திரை அகலும். எலக்ட்ரான்கள் நெருங்கினால் சுருங்கும். வெப்பநிலை நான்கு மடங்கானால் அகலம் இரு மடங்கு, நெருக்கம் நான்கு மடங்கானால் பாதி. இந்த அகலத்துக்கு டிபை நீளம் என்று பெயர். பீட்டர் டிபையும் எரிக் ஹூக்கலும் 1923-இல் இதைக் கணக்கிட்டது உப்புக் கரைசல்களுக்காக. பிளாஸ்மா என்ற பெயரை இர்விங் லாங்மியூர் சூட்டியதே 1928-இல்தான்.

அயனி மண்டலத்தில் டிபை நீளம் சில மில்லிமீட்டர். பூமிக்கருகே வீசும் சூரியக் காற்றில் சுமார் 10 மீட்டர். அணுக்கரு இணைவுக்காக 10 கோடி டிகிரிக்குச் சூடாக்கிய பிளாஸ்மாவிலோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே நெருக்கம் அவ்வளவு.

2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய விக்ரம் கலத்தில், பிளாஸ்மாவை அளக்க ஒரு லாங்மியூர் ஆய்வுக்கருவி இருந்தது. கலத்தின் உடலிலும் மின்னூட்டம் சேரும். அதைச் சுற்றியும் இப்படியொரு திரை எழும். அதற்குள் வைத்து அளந்தால் கிடைப்பது கலம் கலைத்துவிட்ட பிளாஸ்மாவின் கணக்கு. அதனால் கருவியின் உலோக உருண்டையை 1 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் வைத்து வெளியே நீட்டினார்கள்.