பனிப்பாத முயலின் பழுப்பு நிறம்

வட அமெரிக்கக் காடுகளில் வாழும் பனிப்பாத முயல், பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் பழுப்பு முடியை உதிர்த்து வெள்ளையாக மாறுகிறது. ஆனால் பனி அதிகம் தங்காத பசிபிக் கரையோரத்தில் அதே இனத்து முயல்கள் பல, குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கின்றன. ஓர் உயிரின் மரபுப்பொருள் முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தறியும் மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தலின் துணையோடு 2018இல் வெளியான ஆய்வு, இதற்கான காரணத்தை முடியின் நிறமியைக் கட்டுப்படுத்தும் அகூட்டி என்னும் மரபணுவில் கண்டது: முடி மாறும் பருவத்தில் அது மிகுந்து செயல்பட்டால் வெண்மை, அடங்கியிருந்தால் பழுப்பு. அதனினும் வியப்பானது, அந்தப் பழுப்பு வடிவம், முன்னொரு காலத்தில் கருவால் முயலோடு நேர்ந்த இனக்கலப்பின் வழியே வந்து சேர்ந்தது என்பதாகும். பனிக்காலம் சுருங்கிவரும் நிலையில், வெறுந்தரையில் தனித்துத் தெரியும் வெள்ளை முயல்கள் எளிதில் இரையாவதால், வேற்றினத்திலிருந்து வந்த அவ்வடிவம் மேலும் பரவக்கூடும்.