கார்மெலாவின் மனச்சாட்சி

குற்றக் கதைகளில் வரும் கதாநாயகி இன்று அறத்தின் பக்கம் நிற்பாள். நாளை அதனையே மறந்து நடப்பாள். இது பாத்திரப் படைப்பிலுள்ள குறை என்று மாணவர் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். எல்லாக் கதைகளுக்கும் அத்தீர்ப்புப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

1999ஆம் ஆண்டு தொடக்கம் 2007ஆம் ஆண்டு வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 86 அத்தியாயங்களாக வெளிவந்த 'த சொப்பிரானோஸ்' என்னும் தொடரைப் பார்ப்போம். டேவிட் சேஸ் ஆக்கிய இக்கதையிலே ரொனி சொப்பிரானோ என்பவன் நியூ ஜேர்சியிலுள்ள குற்றக் கூட்டமொன்றின் தலைவன். அவன் மனைவி கார்மெலா. நடித்தவர் ஈடி பால்கோ. கார்மெலா தேவாலயம் செல்பவள். பிள்ளைகளின் படிப்பிலே கண்ணுங் கருத்துமாயிருப்பவள். எனினும், வீட்டிற்கு வரும் பணம் எத்தகையதென்பதை நன்கறிந்தவள்.

2001ஆம் ஆண்டு வெளியான அத்தியாயமொன்றில் அவள் மனநோய் வைத்தியர் ஒருவரிடம் செல்கின்றாள். கணவனை விட்டு விலகுமாறு அவர் ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றார். பாவப் பணமென்று தமது கட்டணத்தையும் வாங்க மறுக்கின்றார். கண்ணீருடன் திரும்பியவள் செய்தது யாது? மகள் கற்கும் கொலம்பியா சர்வகலாசாலைக்கு 50,000 டொலர் நன்கொடை வழங்கும்படி கணவனை வற்புறுத்திச் சம்மதிக்க வைத்ததேயாம்.

அடுத்த ஆண்டிலே அவள் கணவனை வீட்டைவிட்டு வெளியேற்றுகின்றாள். அவன் செய்த கொலைகளுக்காகவன்று. பிற பெண்களோடு கொண்ட தொடர்புக்காகவே! 2004இல் மீண்டும் ஏற்றுக்கொள்கின்றாள். வீடு கட்டி விற்பதற்கென அவள் விரும்பிய காணியை வாங்க அவன் பணம் தர இசைந்தது அந்த இணக்கத்தின் ஒரு பகுதியாகும்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. உறவினனொருவனுக்கு மனைவியாக வரவிருந்த அட்ரியானா என்னும் பெண் ரொனியின் கட்டளையாற் கொல்லப்படுகின்றாள். அவள் எங்கோ போய்விட்டாள் என்பதே கார்மெலாவுக்குச் சொல்லப்பட்ட செய்தி. 2006ஆம் ஆண்டு அத்தியாயங்களிலே கார்மெலாவின் உள்ளத்தில் ஐயம் எழுகின்றது. துப்பறிவாளரை அமர்த்தித் தேடவும் எண்ணுகின்றாள். அவ்வேளையில், அதிகாரி தடுத்து வைத்திருந்த அவளது வீட்டு வேலைக்குக் கணவன் தன் செல்வாக்கால் அனுமதி பெற்றுக் கொடுக்கின்றான். வேலை தொடங்குகின்றது, தேடும் எண்ணம் மறைகின்றது.

முன்னுக்குப்பின் முரணாகத் தோன்றும் இச்செயல்களுக்கிடையே ஓர் ஒழுங்கு இருத்தலைக் காண்கின்றோம். தனக்கு நேர்ந்த துரோகத்தைக் கார்மெலா பொறுக்கவில்லை. பிறருக்கு நேர்ந்த கொடுமையைப் பொறுத்தாள். மனச்சாட்சி விழித்தபோதெல்லாம் அதனை உறங்க வைக்க ஏதோவொரு நன்மை அவள் கைக்கு வந்தது. அதிலும், மகளின் கல்வி போன்ற நல்ல காரியங்களே அவளுக்குச் சாக்காயின. நல்ல தாய் என்னும் பெயரும் தீய பணமும் ஒரே இல்லத்தில் ஒத்து வாழ்ந்த விதம் இதுவே.

ஆதலால், இத்தகைய கதாநாயகியைச் சந்திக்கும்போது அவள் நல்லவளா, தீயவளா என்று வினவுவதோடு மாணவர் அமைதல் வேண்டா. எதனைப் பெற்றதும் அவள் கேள்வி கேட்பதை நிறுத்தினாள் என்று நோக்குக. அக்கேள்வியை நம் இல்லங்களிலே நம்மை நாமே கேட்டுக்கொள்வதும் நன்று.