அந்தி விளக்கும் மின்தேக்கியும்

கூடத்து மின்விசிறி ஒரு நாள் சோம்பிச் சுழலத் தொடங்கினால், "கண்டென்சர் போய்விட்டது" என்று மின்பணியாளர் கூறக் கேட்டிருப்பீர்கள். சிறிய பெட்டி ஒன்றை மாற்றியதும் விசிறி பழைய வேகத்தைப் பெறுகிறது. கடைத்தெருவில் கண்டென்சர் என வழங்கும் இப்பொருளையே பாடநூல்கள் மின்தேக்கி என்கின்றன. இன்று வீடுகளில் தாமாக இயங்கும் கருவிகள் பலவற்றின் ஆயுளும் இதனையே சார்ந்துள்ளது.

எடுத்துக்காட்டாக, அந்தி சாய்ந்ததும் வாயில் விளக்கை ஏற்றி, பொழுது புலர்ந்ததும் அணைக்கும் ஒளியுணர் சுவிட்சைக் கொள்வோம். சில ஆண்டுகளில் விளக்கு விட்டுவிட்டு எரியும். பின்னர் எரியாமலே போகும். கருவி பழுதாயிற்று என்று தூக்கி எறிந்து, புதிது வாங்குவோர் பலர். உண்மையில் கெட்டது பெரும்பாலும் சில ரூபாய் விலையுள்ள ஓர் உறுப்பே ஆகும்.

அது எங்ஙனம் கெடுகிறது? இத்தகைய மலிவான கருவிகள் பலவற்றில் மின்மாற்றி இராது. 230 வோல்ட் மின்சாரத்தின் பாதையில் ஒரு மின்தேக்கியை நிறுத்தி, வேண்டிய சிறு மின்னோட்டத்தை மட்டும் உள்ளே விடுவர். அதன்மேல் 334 என்று பொறித்திருக்கலாம். 33 என எழுதி நான்கு சுழிகள் இட்டால் 3,30,000 பிக்கோ பாரட், அதாவது 0.33 மைக்ரோ பாரட். நொடிக்கு 50 சுற்றுகள் கொண்ட நம் மின்சாரத்தில் இது ஏறத்தாழ 24 மில்லி ஆம்பியரைச் செல்லவிடும். விளக்கை இணைக்கும் ரிலேக்கு 15 மில்லி ஆம்பியர் தேவை எனக் கொள்வோம். மின்தேக்கியின் கொள்ளளவு பாதியாகக் குறைந்தால் மின்னோட்டமும் 12 ஆகிவிடும், ரிலே இயங்காது. சிதம்பரத்தில் 1929 முதல் விளங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்க்கும், கடலூர்ப் பள்ளி மாணவர்க்கும் இக்கணக்கு ஒன்றே.

கொள்ளளவு குறைவதன் காரணமும் அறியத்தக்கது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் உலோகப் பூச்சு இருக்கும். மின்னழுத்தம் திடீரென உயரும்போது தாளில் நுண்துளை விழும். உடனே துளையைச் சுற்றிய உலோகம் ஆவியாகி, பழுது தானே அடைபடும். ஆயினும் ஒவ்வொரு முறையும் பரப்பில் சிறிது இழப்பு உண்டு. ஈரம் உட்புகுந்தால் பூச்சு அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் கடற்காற்றும் பழகிய கடலூரில் வாயிற்புறக் கருவிகள் இதற்கு எளிதில் ஆளாகின்றன.

கருவியுள் மற்றொரு வகையும் உண்டு. நீர்மம் கலந்த, உருளை வடிவான மின்பகு மின்தேக்கி அது. சிதம்பரத்தை அடுத்த வீராணம் ஏரி, வரும் நீரைத் தேக்கி வயல்களுக்குச் சீராக விடுவதுபோல, இது துடித்துவரும் மின்னோட்டத்தைச் சீராக்குகிறது. பழைய வானொலிப் பெட்டிகளில் ஓயாத 'ம்ம்' என்ற இரைச்சல் எழுந்தால், இவ்வகை மின்தேக்கி தளர்ந்தது என ஐயுறுவர். இதன் பகை வெப்பம். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். 105 பாகையில் 2,000 மணி நேரம் உழைப்பது, 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும். இரவும் பகலும் இயங்கினால் அது மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்று மிகுதி.

இனி, மாற்றும் முறை. கொள்ளளவை அளவியால் அளந்து, பொறித்த எண்ணுடன் ஒப்பிட வேண்டும். மிகக் குறைந்திருந்தால் அதே கொள்ளளவுடையதை இட வேண்டும். மின்பாதையில் நிற்பதற்கு 'எக்ஸ் 2' என்ற குறியும், குறைந்தது 275 வோல்ட் மாறுமின் அளவும் இருத்தல் வேண்டும். நேர்மின்னுக்கு உரியதை அங்கே இட்டால் தீப்பற்றவும் கூடும். மின்பகு வகையில் நேர்முனை, எதிர்முனை மாறலாகாது. வோல்ட் அளவும் குறையலாகாது.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. மின்மாற்றி இல்லாத கருவியில் எந்தப் பகுதியைத் தொட்டாலும் 230 வோல்ட் தாக்கக்கூடும். ஆகவே விளக்கின் சுவிட்சை மட்டும் அணைத்தல் போதாது. வீட்டின் மெயினை நிறுத்திய பின்னரே கருவியைக் கழற்ற வேண்டும். அதன் பின்னும் மின்தேக்கியில் மின்சாரம் எஞ்சியிருக்கலாம். 1746இல் லெய்டன் நகரில் முஸ்சென்புரூக் என்னும் அறிஞர், நீர் நிரம்பிய கண்ணாடிக் கலமொன்றில் தேங்கிய மின்சாரத்தால் கடுமையாகத் தாக்குண்டார். மின்தேக்கியின் முன்னோடி அக்கலமே. எனவே தக்க மின்தடையொன்றின் வழியே அதை வடித்து, வோல்ட் அளவியால் சரிபார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும். பள்ளி மாணவர் தனியே முயலாது, ஆசிரியரோ தேர்ந்த மின்பணியாளரோ உடனிருக்கவே செய்தல் வேண்டும்.

கருவியொன்று நின்றுவிட்டால், அதில் நின்றது எது என்று முதலில் கேளுங்கள். அளந்து அறிந்து மாற்றிய ஒரு மின்தேக்கியால் வாயில் விளக்கு மீண்டும் எரியும். வகுப்பில் எழுதிய சூத்திரமும் அன்று தெளிவாகும்.