வாய் திறப்பதற்கு முன்னே

இரண்டு வயது கடந்தும் பேசாத குழந்தையைப் பயிற்சி மையத்துக்கு அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் ‘எப்போது பேசும்?’ என்ற ஒரே கேள்வியோடு வருகிறார்கள். பயிற்சியாளரோ குழந்தையின் வாயைப் பார்ப்பதற்கு முன்பாக அதற்குக் காது கேட்கிறதா, சொல்வது புரிகிறதா, வேண்டியதைக் கேட்கப் பிறர் முகத்தைப் பார்க்கிறதா என்று சோதிக்கத் தொடங்குகிறார். பேச்சு என்பது நுரையீரலிலிருந்து எழும் காற்றைக் குரல்வளையும் நாக்கும் உதடும் அண்ணமும் கூடி ஒலியாக்கும் செயல். மொழி என்பது அந்த ஒலிகளில் ஏறிவரும் பொருளும், பொருளைக் கோக்கும் இலக்கண ஒழுங்கும், ஒருவரோடு ஒருவர் முறைவைத்துப் பரிமாறிக்கொள்ளும் பழக்கமும் ஆகும். மொழி வேரூன்றாத இடத்தில் ஒலியை மட்டும் திருத்திப் பயனில்லை என்பதால், பேச்சு மொழிப் பயிற்சி எனப்படும் துறையின் பெரும்பகுதி உழைப்பு நாக்கைத் தொடாமலேயே நடக்கிறது.

முதலில் செவி. உறங்கும் சிசுவின் காதில் சிறு முனையொன்றைப் பொருத்தி, உட்செவி திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்யும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடக் கூடியது; ஆயினும் பல வீடுகளில் கதவு அறைபடும் ஓசைக்கும் மேளச் சத்தத்துக்கும் குழந்தை திரும்பிப் பார்ப்பதே போதிய சான்றாகக் கொள்ளப்படுகிறது. பெருத்த ஓசைகள் கேட்டு, ச, த போன்ற மெய்களின் நுண்ணொலி மட்டும் கேளாமற்போகும் பகுதிச் செவிக்குறை இந்தச் சான்றுக்குள் சுலபமாக ஒளிந்துகொள்ளும். தமிழ்நாட்டில் பிறவியிலேயே செவித்திறன் இழந்த ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ‘காக்ளியர் இம்ப்ளான்ட்’ எனப்படும், செவிநரம்பை மின்துடிப்புகளால் நேரடியாகத் தூண்டும் கருவி பொருத்தப்படுகிறது. ஆனால் அறுவை சிகிச்சை ஒரு நாள் வேலை என்றால், கருவி தரும் ஓசைக்குப் பொருள் காணக் கற்கும் பயிற்சி ஆண்டுக்கணக்கில் நீள்வது என்பதைக் குடும்பங்கள் பெரும்பாலும் பின்னரே உணர்கின்றன.

செவி சரியாக இருந்தும் பேச்சு வராத குழந்தைகளைப் பற்றித்தான் வீட்டுப் பெரியவர்களிடம் ஆறுதல் மொழிகள் அதிகம். அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார், ஆண்பிள்ளை அப்படித்தான், வசம்பை உரைத்து நாக்கில் தடவினால் சரியாகிவிடும் என்பவை அவற்றுட் சில; வசம்போடு தேனையும் சேர்த்துத் தடவும் வீடுகள், ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேன் கொடுத்தால் அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரியின் நஞ்சு நரம்புகளைத் தாக்கக்கூடும் என்பதை அறிவதில்லை. அப்பாவைப் பற்றிய கூற்று மட்டும் முற்றிலும் பொய்யன்று. ஏறத்தாழ ஒரு வயதில் முதற்சொல்லும், இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’ போன்ற இருசொல் கோவையும் எதிர்பார்க்கப்படுகின்றன என்றாலும், பிந்திப் பேசும் குழந்தைகளில் கணிசமானோர் பள்ளி வயதுக்குள் தாமாகவே மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். எட்டிவிடப்போவது யார், பின்தங்கப்போவது யார் என்பதை உறுதியாக முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதே சிக்கல். விரலால் சுட்டிக் காட்டாத, சொல்வதைப் புரிந்துகொள்ளாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையிடம் மட்டுமேனும் காத்திருக்கும் வாதம் செல்லாது.

பயிற்சி அறையில் நடப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் விளையாட்டாகத் தோன்றும். பயிற்சியாளர் சோப்புக் குமிழி ஊதும் குப்பியைத் திறந்து இரண்டு முறை ஊதுகிறார், மூடியைக் குழந்தையால் திருக முடியாதபடி இறுக்கி அதன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் புருவத்தை உயர்த்தியபடி காத்திருக்கிறார். குழந்தை குப்பியை உலுக்கிப் பார்க்கிறது, கடித்துப் பார்க்கிறது, பிறகு குப்பியை நீட்டி அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிறது. அந்தப் பார்வையை ஒரு வேண்டுகோளாக ஏற்று ‘ஊது’ என்ற ஒரே சொல்லோடு அவர் மூடியைத் திறக்கிறார். ஒரே சுற்று பலமுறை நடந்தபின், ‘ஊ…’ என்று தொடங்கிப் பயிற்சியாளர் நிறுத்துமிடத்தில் உதட்டைக் குவித்து ஏதோவொரு ஒலியைக் குழந்தை எழுப்பக்கூடும். இங்கே கற்பிக்கப்பட்டது சொல்லன்று. தன் செய்கையால் இன்னொருவரின் செய்கையை மாற்ற முடியும் என்ற அறிவு. இதே காட்சியில் பெற்றோர் அமர்ந்திருந்தால் ‘ஊதுன்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்’ என்ற கட்டளை வந்திருக்கும், குழந்தை குப்பியை வீசியிருக்கும். பேசாமல் காத்திருக்கும் பத்து விநாடியே இத்தொழிலில் கற்றுக்கொள்ளக் கடினமான பகுதி என்று சொல்லத் தோன்றுகிறது.

மொழி வந்தும் ஒலி பிசகும் குழந்தைகளுக்கான பயிற்சி வேறு வகையைச் சேர்ந்தது. அடிநாவை உயர்த்தி எழுப்பும் க-வுக்குப் பதிலாக நுனிநாவால் எழும் த-வைச் சொல்லும் குழந்தைக்குக் ‘காக்கா’ ‘தாத்தா’ ஆகிவிடும். வீடு அதை மழலை என்று கொஞ்சி, தானும் அப்படியே திருப்பிச் சொல்லும். இப்பிசகு நான்கு வயதிலும் நீடிக்கும்போது, பயிற்சியாளர் காக்கைப் படத்தையும் தாத்தா படத்தையும் எதிரெதிரே வைத்து, தான் சொல்லும் படத்தைக் குழந்தை எடுக்க வேண்டும் என்றும், பிறகு குழந்தை சொல்லும் படத்தைத் தான் எடுப்பதாகவும் ஆட்டம் அமைக்கிறார். காக்கையைக் கேட்ட குழந்தைக்குத் தாத்தா படம் வந்து சேரும்போது, ஓர் ஒலி மாறினால் பொருளே மாறுகிறது என்பது திருத்தம் சொல்லாமலேயே அதற்கு உறைக்கிறது. ஓரொலியில் மட்டும் வேறுபடும் இத்தகைய சொல் இணைகள் தமிழில் ஏராளம். பெரியவர்களே பலர் வழுக்கும் ழகரத்தை மூன்று வயதுக் குழந்தையிடம் எதிர்பார்த்துக் கவலைப்படும் பெற்றோரும் உண்டு. அது பயிற்சிக்குரிய குறையன்று.

எந்த மொழியில் பயிற்சி என்ற கேள்வியில்தான் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. பேச்சு தாமதமான குழந்தையிடம் ஒரே மொழியில், அதுவும் பள்ளிக்காக ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை பள்ளிகளிலும் சில மருத்துவமனைகளிலும் இன்றும் தாராளமாக வழங்கப்படுகிறது. இருமொழிச் சூழல் மொழிக்குறைபாட்டை உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. குறைபாடு உள்ள குழந்தையிடம் அது இரு மொழியிலுமே தென்படும். ஆங்கிலத்தில் சரளமில்லாத தாய், தன் மொழியில் இயல்பாகச் சொல்லும் கதையையும் கொஞ்சலையும் வசவையும் நிறுத்திவிட்டு, ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்ற ஓரசைக் கட்டளைகளுக்குள் சுருங்கும்போது, மொழி குறைவாகக் கிடைத்த குழந்தைக்கு அது இன்னும் குறைகிறது. சோதனைகளிலும் இதே கோளாறு உண்டு. மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இந்திய மொழிகளுக்கான சோதனைகளை உருவாக்கி வந்திருந்தாலும், ஆங்கிலப் பட்டியலைத் தமிழ்ப்படுத்திப் புழங்கும் வழக்கம் ஓயவில்லை. ஆங்கிலக் குழந்தையின் இலக்கண வளர்ச்சியை அளக்கும் அடையாளங்கள் தமிழுக்குப் பொருந்தா. ‘கடைக்குப் போனேன்’ என்பதில் நான்காம் வேற்றுமை உருபு விழுந்து ‘கடை போனேன்’ ஆகிறதா, அண்ணனுக்கும் அக்காவுக்கும் வினைமுற்றின் விகுதி வேறுபடுகிறதா என்பவையே தமிழ்க் குழந்தையிடம் கேட்டறிய வேண்டியவை.

வாய்ப்பேச்சே வராத, அல்லது மிகச் சிறிதளவே வரும் குழந்தைகளுக்குப் படங்களைத் தொட்டால் குரல் எழும் கருவிகள் இன்று உள்ளன. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ இவ்வகையைச் சேர்ந்தது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு பணியாற்றும் வித்யாசாகர் நிறுவனத்தின் அனுபவம் அதன் வடிவமைப்புக்குத் துணைநின்றது, 2011-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இதழ் வெளியிட்ட இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவர் இடம்பெற்றார். படத்தைத் தொட்டுப் பழகினால் பேசவே மாட்டான் என்று அஞ்சிக் கருவியை ஒளித்துவைக்கும் பெற்றோர் பலர். வளர்ச்சிக் குறைபாடு உடையோரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான கட்டுரை, கருவியால் யாருடைய பேச்சும் குறையவில்லை என்றும் பெரும்பாலோரிடம் சிறிதளவேனும் கூடியது என்றும் காட்டியது.

வாரத்துக்கு ஓரிரு முறை, முக்கால் மணி நேரம் என்பதே பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் பயிற்சி. மீதி நேரமெல்லாம் குழந்தை வீட்டில் இருக்கிறது. ஆகவே கனடாவின் ஹேனன் முறை, திக்குவாய்க்கான ஆஸ்திரேலியாவின் லிட்கம்ப் முறை ஆகியவை பெற்றோரையே பயிற்றுவிக்கின்றன. நம் ஊர்களிலோ குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டுப் பெற்றோரை வெளி நாற்காலியில் உட்காரவைக்கும் மையங்கள் குறைவில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தொழில் செய்வோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், பதிவு எண்ணைக் கேட்டறிவதும், உள்ளே அமர அனுமதி உண்டா என்று கேட்பதும் கட்டணம் செலுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்.

செவிக்குறையோ ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைவோ இல்லாமல், மொழி மட்டும் பிடிபடாத குழந்தைகள் இவர்கள் எல்லோரிலும் கண்ணில் படாதவர்கள். வளர்ச்சிசார் மொழிக்குறைபாடு என்று 2017-இல் துறை வல்லுநர்கள் ஒருமித்துப் பெயரிட்ட இந்நிலை, இங்கிலாந்தின் சரே பகுதியில் நடந்த ஆய்வின்படி பள்ளி சேரும் குழந்தைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. வகுப்பில் இவர்கள் ‘கவனமில்லை’, ‘மந்தம்’ என்ற பெயர்களோடு கடைசி வரிசைக்குப் போகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் பேச்சு மொழிக் குறைபாடும் ஒன்றுதான். ஆனால் குரல்வளை அகற்றம், மூளைப் பாதிப்பால் மொழி இழத்தல் போன்றவற்றால், உடல் உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தோடு வரும் நிரந்தரக் குறை என்று சட்டம் அதை வரையறுப்பதால், காரணம் கண்டறியப்படாத இக்குழந்தைகள் அதற்குள் அடங்குவதில்லை. எஞ்சிய வழி கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ். அதை எட்டு வயதுக்கு முன் வழங்க விதிமுறை இடம் தருவதில்லை, பயிற்சி அதிகம் பயன்படுவதோ மூன்றிலும் நான்கிலும்.