காற்றில் கசியும் மின்சாரம்

நூற்பாலை என்றவுடன் கதிர்களும் நூலுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆலையைக் காணச் செல்வோர் எட்டிப் பாராத அறை ஒன்று அங்கு உண்டு. அதில் இரவும் பகலும் கம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும். அது நூல் நூற்பதில்லை; நூற்கும் யந்திரங்களுக்குத் துணை நிற்கிறது. ஆட்டோகோனரில் அறுந்த நூலின் இரு முனைகளையும் முடிச்சின்றிப் பிணைப்பது அது அனுப்பும் அழுத்தக் காற்றேயாகும்.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பின்னர்க் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. மின்சாரத்தால் வளர்ந்த அத்தொழிலுக்கே இன்று மின்கட்டணம் பெருஞ்சுமையாகியுள்ளது. கட்டணத்தைக் குறைக்க வேண்டுமெனில் புதிய யந்திரம் வாங்க வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். முதலில் அந்த மூலை அறையை நோக்குதல் நலம் என்பது நம் கருத்து.

காற்று விலையின்றிக் கிடைக்கிறது. அழுத்தக் காற்றோ ஆலையில் மிக விலையுயர்ந்த ஆற்றல்களுள் ஒன்று. கம்பிரசர் பெறும் மின்சாரத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. எஞ்சிய சிறு பங்கும் குழாய் இணைப்புகளிலும் தேய்ந்த ரப்பர்க் குழல்களிலும் கசிகிறது. பேணுதல் குறைந்த ஆலைகளில் உற்பத்தியாகும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை இவ்வாறு வீணாவதுண்டு. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று, ஏறத்தாழ 3 கிலோவாட்டிற்கு மேற்பட்ட மின்திறனை விழுங்கும். ஆண்டில் 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 24,000 யூனிட்டுக்குக் குறையாது! எண்ணெய் ஒழுகினால் தரை கறைபடும். நீர் ஒழுகினால் கால் வழுக்கும். காற்று ஒழுகினால் ஒரு சீற்றம் மட்டுமே கேட்கும். அதையும் யந்திரங்களின் இரைச்சல் மறைத்துவிடும்.

ஆகவே இச்சோதனைக்கு உகந்தது விடுமுறை நாளே. யந்திரங்கள் யாவற்றையும் நிறுத்திவிட்டுக் கம்பிரசரை மட்டும் ஓடவிட வேண்டும். காற்றைப் பயன்படுத்துவோர் எவருமில்லை. ஆயினும் அழுத்தம் குறையக் குறைய அது மீண்டும் மீண்டும் சுமையேற்று இயங்கும். 2 நிமிடம் சுமையுடனும் 6 நிமிடம் சுமையின்றியும் மாறி மாறி ஓடுகிறது எனக் கொள்வோம். 8 நிமிடத்தில் 2 நிமிடம், அதாவது அதன் திறனில் கால் பங்கு, கசிவிற்கே செல்கிறது. இதற்குக் கடிகாரம் ஒன்றே போதும். பின்னர்ச் சோப்பு நீரை இணைப்புகளில் தடவினால் குமிழி எழும் இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

தேவைக்கு மேல் அழுத்தம் வைப்பதும் வீணே. எங்கோ ஒரு யந்திரத்தில் காற்று போதவில்லை என்றதும் ஆலை முழுவதற்கும் அழுத்தத்தை உயர்த்தும் வழக்கம் உண்டு. கசிவும் அதனுடன் உயர்கிறது. மாறாக 7 பாரிலிருந்து 6 பாருக்கு இறக்கினால் மின்செலவு 6, 7 விழுக்காடு குறையும். கம்பிரசர் உள்ளிழுக்கும் காற்று 4 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்தால், மின்செலவு ஏறத்தாழ 1 விழுக்காடு கூடும். புழுக்கமான அறைக்குள் அதை அடைத்துவைப்பது ஏனோ!

ஈரப்பத நிலையத்து மின்விசிறிகளுக்கும் இக்கவனம் தேவை. வேகத்தை 20 விழுக்காடு குறைக்க இயலுமிடத்து மின்தேவை பாதியளவாகிவிடும்.

கசிவை ஒருமுறை அடைத்ததோடு பணி முடிவதில்லை. அதிர்வினால் மற்றோர் இணைப்பு தளரும். அடுத்த விடுமுறையில் அதே கடிகாரத்துடன் ஒருவர் அவ்வறைக்குச் செல்ல வேண்டியிருக்கும்.